சுத்தக் கொய்னாவும் கலப்புக் கொய்னாவும்

‘சுத்தம்’ என்ற சொல்லை நம் ஊரில் யார் உச்சரித்தாலும் ஒரு நிமிஷம் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது. கோயில் வாசலில் சொன்னாலும் சரி, ஆய்வுக்கூடத்தில் சொன்னாலும் சரி. வேதியியல்காரர் ஒரு பொருளைச் சுத்தமானது என்னும்போது அவர் சாதி பேசவில்லை. ஒரே வகை மூலக்கூறு மட்டும் குப்பிக்குள் இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். அதில் நமக்குத் தகராறு ஒன்றுமில்லை. குப்பி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, இது யாருக்கு, அது யாருக்கு என்று பங்கு பிரிக்கும் இடத்தில்தான் தகராறு தொடங்குகிறது. அந்த இடத்தில் வேதியியலின் சுத்தம் சமூகத்தின் சுத்தத்தோடு சத்தமில்லாமல் கைகோர்த்துக்கொள்கிறது. கொய்னாவின் வரலாற்றை நான் வாசிப்பது அந்தக் கைகோர்ப்பைப் பார்க்கத்தான். அந்த வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி நம் நீலகிரியில் நடந்தது.

1

கொய்னா ஒரு ஆல்கலாய்டு. நம் பாடப்புத்தகங்கள் ‘காரப்போலி’ என்று எழுதும்: காரத்தைப் போல நடந்துகொள்கிற, நைட்ரஜன் உள்ள, பெரும்பாலும் தாவரங்களில் விளைகிற பொருள். காப்பியின் கஃபீன், புகையிலையின் நிக்கோடின், அபினியின் மார்ஃபின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மரம் இதை நம் காய்ச்சலுக்காகச் செய்து வைக்கவில்லை. தன்னைக் கடிக்க வருகிற உயிர்களிடமிருந்து தப்பிக்க மரம் தனக்காகச் செய்துகொண்ட கசப்பு அது என்றே தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். கொய்னா குடிச்சவங்களுக்கு அந்தக் கசப்பு மறக்காது.

மரத்தின் ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவு. 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏசு சபைப் பாதிரிமார் வழியாக அதன் பட்டை ஐரோப்பாவுக்குப் போனது. 1742இல் லின்னேயஸ் மரத்துக்குச் ‘சிங்கோனா’ என்று பெயர் வைத்தார். பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, இந்தப் பட்டையால் பிழைத்தாள் என்ற கதையை நம்பி வைத்த பெயர். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். அந்தக் கதையே கட்டுக்கதை என்பதை 1941இல் ஹேகிஸ் என்ற ஆய்வாளர் வைஸ்ராய் வீட்டு நாட்குறிப்பைக் கொண்டு காட்டினார். பட்டையை உரித்து, சுமந்து, காய்ச்சலுக்கு ஆகும் என்று காட்டிக்கொடுத்த மலைவாசிகளின் பெயர் எதுவும் மரத்துக்கு வரவில்லை. வராத காய்ச்சலிலிருந்து பிழைத்த சீமாட்டியின் பெயர் வந்தது. பெயரிடுதல் என்பதே ஓர் அதிகாரச் செயல் என்று சொல்லிச் சொல்லி நமக்குச் சலித்துவிட்டது. சலித்தாலும் உண்மை உண்மைதானே.

1820இல் பாரிஸில் பெல்த்தியே, காவந்து என்ற இரண்டு மருந்தாளர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியே பிரித்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் ஒரே பட்டையில் நான்கு முக்கியமான ஆல்கலாய்டுகள் இருப்பது தெரிந்துவிட்டது: கொய்னா என்கிற குயினைன், குயினிடின், சிங்கோனைன், சிங்கோனிடின். முதல் இரண்டுக்கும் அணுக்கணக்கு ஒன்றே: 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்ஸிஜன். வெளியில் அவை அடுக்கப்பட்டிருக்கிற விதம் மட்டும் வேறு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றதில் மிஞ்சுகிற ‘ஹீம்’ ஒட்டுண்ணிக்கே விஷம். அதைக் கரையாத படிகமாக்கி ஒதுக்கி வைத்துத்தான் அது உயிர் வாழ்கிறது. அப்படிப் படிகமாவதைக் கொய்னா தடுக்கிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். தன் எச்சத்தாலேயே ஒட்டுண்ணி சாகிறது. ஆனால் ஈரலுக்குள் பதுங்கித் தூங்குகிற வைவாக்ஸ் வகையைக் கொய்னா தொடாது. அதனால் காய்ச்சல் மறுபடி வரும். மருந்து சாப்பிட்டவருக்கும் சும்மா விடாது: காதில் இரைச்சல், தலைவலி, குமட்டல், பார்வை மங்கல். கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைத்து இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கவும் செய்யும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு, அளவு மட்டும்தான்.

2

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் பட்டை அவசரமாகத் தேவைப்பட்டது. காய்ச்சல் மண்டலங்களில் படையை நிறுத்தி வைக்க வேண்டும். கொய்னாவுக்குக் கொட்டிக்கொடுக்கும் செலவு குறைய வேண்டும். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவுக்குப் போனார். அங்கே எதிர்ப்பு இருந்தது. செடிகளை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். அந்த ஆண்டுக் கடைசியில் ஊட்டி வந்து சேர்ந்த அவருடைய செடிகள் பிழைக்கவில்லை. ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸும் ராபர்ட் கிராஸும் திரட்டிய சிவப்புப் பட்டைச் சிங்கோனாதான் 1861இல் இங்கே வேர்பிடித்தது. ஊட்டி அரசுத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சோலைக்காட்டை வெட்டி அதைப் பரப்பினார்.

இந்த முயற்சிக்குச் சொல்லப்பட்ட நியாயம் முக்கியமானது. இந்திய ஏழைகளுக்கு மலிவான காய்ச்சல் மருந்து. மார்க்கம் இதைத் திரும்பத் திரும்ப எழுதினார். மனசாரவே எழுதினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஏழையின் பெயரில் தொடங்கப்பட்டது என்பதை நாமும் குறித்துக்கொள்வோம், பின்னால் கணக்குப் பார்க்கலாம்.

யார் உழைத்தார்கள்? மலாயா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கினார்கள். அவர்களை அடைத்து வைத்த சிறை ஊட்டி–கூடலூர் சாலையில் இன்றும் நிற்கிறது. அரிவாளும் கூடையும் பிடித்த கைகள் கைதியின் கைகள். உலகத்தின் காய்ச்சலைத் தீர்க்கப்போகிற மரத்துக்குக் குழி தோண்டியவர்களின் காலில் விலங்கு போடும் உரிமை அரசிடம் இருந்தது.

3

1866இல் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியே காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்து, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. மலேரியா ஒட்டுண்ணியை லாவெரான் அல்ஜீரியாவில் கண்டது 1880இல்; கொசுவின் வயிற்றில் ராஸ் அதைப் பார்த்தது 1897இல், செகந்திராபாத்தில். அதாவது காய்ச்சல் எதனால் வருகிறது என்றே தெரியாத காலத்தில், எதனால் போகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

எண்களைப் பாருங்கள். மொத்தம் 2,472 பேர். கொய்னா 846 பேருக்கு, குயினிடின் 664 பேருக்கு, சிங்கோனைன் 559 பேருக்கு, சிங்கோனிடின் 403 பேருக்கு. மருந்து கேட்காமல் போனவர்கள் மொத்தம் 27 பேர்தான். ஆயிரத்துக்கு எத்தனை தோல்வி என்று கணக்குப் போட்டால், கொய்னாவுக்கு 7, குயினிடினுக்கு 6, சிங்கோனிடினுக்கு 10, சிங்கோனைனுக்கு 23. கடைசியில் நிற்கிற சிங்கோனைன்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் கேட்டிருக்கிறது. குயினிடின் கொய்னாவுக்கு இணையாகவே நிற்கிறது.

இன்றைய அளவுகோலில் இது குறையுள்ள சோதனை. யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. காய்ச்சல் தானாக இறங்கினவர்களும் இதில் இருப்பார்கள். நோயாளியின் சம்மதம் கேட்க வேண்டும் என்ற விதி நியூரம்பர்க்கில் எழுதப்படுவதற்கு 1947 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டே சொல்கிறேன்: அந்தக் காலத்தில் உலகில் வேறெங்கும் இவ்வளவு பேரை வைத்து இந்தக் கேள்வி கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. கிடைத்த பதிலும் தெளிவானது. பட்டையில் இருக்கிற நான்குமே காய்ச்சலை இறக்கும். கொய்னாவை மட்டும் பிரித்தெடுத்து மற்ற மூன்றையும் கழிவாக ஒதுக்குவதற்கு மருத்துவக் காரணம் பெரிதாக இல்லை.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? நீலகிரியின் சிவப்புப் பட்டையில் மொத்த ஆல்கலாய்டு நிறைய. ஆனால் அதில் கொய்னாவின் பங்கு குறைவு, சிங்கோனிடினின் பங்கு அதிகம். நாலையும் சேர்த்தே எடுத்து, மலிவாக ஊர் ஊருக்குக் கொடுத்திருந்தால் போதும். ஏழைக்கான மருந்து மலையிலேயே விளைந்து நின்றது.

4

கொஞ்சம் முயற்சி நடந்தது. 1866இல் அரசு வேதியியலாளராக ஊட்டிக்கு வந்த ஜான் பிரௌட்டன் கலப்பு ஆல்கலாய்டு ஒன்றைத் தயாரித்தார். நீடிக்கவில்லை, 1874இல் அவரும் போய்விட்டார். டார்ஜிலிங் பக்கம் மங்பூவில் 1870களின் நடுவில் ‘சிங்கோனா ஃபெப்ரிஃப்யூஜ்’ என்ற கலப்பு மருந்து செய்யத் தொடங்கினார்கள். அது நிலைத்தது. எப்படி நிலைத்தது என்பதுதான் விஷயம். கொய்னாவுக்குச் சமமான மருந்தாக அல்ல, கொய்னா வாங்க முடியாதவருக்கான மருந்தாக. காசுள்ளவருக்குச் சுத்தக் கொய்னா. தர்மாஸ்பத்திரிக்கும் சிறைக்கும் கலப்பு. மலிவானது என்பதாலேயே அது மட்டமானது ஆயிற்று.

எதிர்த்தரப்பு வாதத்தையும் வைத்துவிடுகிறேன். கலப்பு மருந்து கொய்னாவைவிட அதிகமாகக் குமட்டியது, வாந்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதன் கலவை ஒரே மாதிரி இருக்கவில்லை. அளவு சொல்லிக் கொடுப்பது சிரமம். இவை நிஜமான குறைகள். ஆனால் குறைகளைச் சரிசெய்ய முடியும் என்பதும் நிஜம். 1930களின் தொடக்கத்தில் சர்வதேச சங்கத்தின் மலேரியாக் குழு, கொய்னாவின் பங்குக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, தரப்படுத்திய கலப்பு மருந்து ஒன்றை ‘டோட்டாகினா’ என்ற பெயரில் முன்வைத்தது. இடையில் போன அறுபது வருஷம் அறிவுக் குறைவால் போனதில்லை, அக்கறைக் குறைவால் போனது.

அக்கறை வேறு பக்கம் திரும்பியிருந்தது. சந்தை பட்டையின் விலையை அதில் கொய்னா எத்தனை சதவீதம் என்பதை வைத்தே தீர்மானித்தது. நீலகிரி அரசுத் தோட்டப் பட்டையும் லண்டன் ஏலத்துக்குத்தான் போனது. ஏழையின் பெயரில் நட்ட மரம் கப்பலேறியது. இலங்கையில் காப்பிச் செடியை நோய் தின்ற பிறகு மலையகத் தோட்டங்கள் 1880களில் சிங்கோனாவுக்கு மாறின. உரித்த தொழிலாளிகள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் சனங்கள். பட்டை குவியக் குவிய விலை சரிந்தது. மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள்.

‘சுத்தத்தை’ நோக்கிய ஓட்டத்தில் ஜெயித்தது ஜாவா. பொலிவியாவின் ஐமாரா இனத்தைச் சேர்ந்த மனுவேல் இங்க்ரா மமானி, தான் வேலை பார்த்த சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரிக்காகச் சிறந்த மரங்களின் விதையைப் பொறுக்கிக் கொடுத்தார். 1865இல் அது லண்டனுக்கு வந்தபோது ஆங்கில அரசு வேண்டாம் என்றது. டச்சு அரசு ஏறக்குறைய ஒரு பவுண்டு விதையை வாங்கியது. அதிலிருந்து வந்த மரங்களின் பட்டையில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் கொய்னா இருந்தது. 1930களில் உலகத்துக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாப் பட்டையிலிருந்து வந்தது. விலையை ஆம்ஸ்டர்டாமில் இருந்த கினா பீரோ வைத்தது. மமானியை பொலிவியாவில் பிடித்துச் சிறையில் போட்டு, யாருக்காக விதை எடுத்தாய் என்று அடித்தார்கள். அவர் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் இறந்துபோனார். மரத்துக்கு ‘லெட்ஜெரியானா’ என்று பெயர். மறுபடியும் பெயர்!

ஏழைக்குச் சுத்தக் கொய்னா கிடைக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. வங்காளத்தில் 1892 முதல் தபாலாபீசில் பொட்டலம் ஒரு பைசாவுக்கு விற்றார்கள். பிறகு மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. ஒரு பொட்டலத்தில் 5 கிரெயின், அதாவது 0.32 கிராம். வயது வந்த ஒருவருக்கு இன்றைய கணக்குப்படி முழு மருத்துவம் என்றால் 600 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். பன்னிரண்டு கிராமுக்கு மேல். கிட்டத்தட்ட 39 பொட்டலம். அன்றைக்கு இவ்வளவு கொடுக்கும் வழக்கம் இல்லை என்பது சரிதான். ஆனாலும் ஒரு பைசா எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போன கூலிக்காரருக்குக் கிடைத்தது குணம் அல்ல, குணத்தின் ஒரு சிட்டிகை. காய்ச்சல் கொஞ்சம் தணியும், வேலைக்குப் போகலாம், திரும்பப் படுக்கலாம். வாழவைக்கும் அதிகாரம் என்று ஃபூக்கோ எழுதியது ஐரோப்பாவைப் பார்த்து. காலனிக்கு வரும்போது அது பொட்டலம் கட்டி, பாதி வாழவைக்கிற அதிகாரமாகச் சுருங்கிவிடுகிறது.

5

நடுவட்டத்துக்குத் திரும்புவோம். தண்டனை முடிந்த சீனக் கைதிகளில் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் குடியேறி, தமிழ்ப் பறையர் பெண்களை மணந்துகொண்டு, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இவர்களைக் கண்டு எழுதினார். 1909இல் வந்த அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளில் இவர்கள் ‘சீன–தமிழ்க் கலப்பு’ என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். தர்ஸ்டனின் கருவி அளவுகோல். தலையை அளந்தார், மூக்கை அளந்தார். எந்த இரத்தம் எவ்வளவு என்பதே கேள்வி.

ஒரே மலை. கீழே ஆலையில் ஒரு வேதியியலாளர் பட்டையில் கொய்னா எத்தனை பங்கு, மற்றது எத்தனை பங்கு என்று பிரிக்கிறார். மேலே சரிவில் ஒரு மானிடவியலாளர் பிள்ளைகளில் சீனம் எத்தனை பங்கு, தமிழ் எத்தனை பங்கு என்று பிரிக்கிறார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. மூலக்கூறைப் பிரிக்க முடியும், மனுஷரைப் பிரிக்க முடியாது. முன்னது அறிவியல், பின்னது அறிவியல் வேஷம். நான் சுட்டுவது இரண்டுக்கும் பொதுவான ஒரு மனச்சாய்வை: கலந்ததைக் கண்டால் அதைப் பிரித்து, ஒரு பங்கை மேலே ஏற்றி, மீதியை ‘மிச்சம்’ என்று பெயரிடுவது. சாதி ஏற்கெனவே இருக்கிற ஒரு நாட்டில் அந்தச் சாய்வுக்குப் புதிதாகப் பாதை வெட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெள்ளைக்காரன் வெட்டிய பாதையில் நம் மேல்சாதி மருத்துவம் தயங்காமல் நடந்தது. மட்டமான மருந்து மட்டமானவனுக்கு என்பதைப் புரிந்துகொள்ள அதற்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

6

கணக்குத் தீர்க்கும் நாள் 1942 மார்ச்சில் வந்தது. ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. பெரும்பங்கு கொய்னாவை ஜாவாவிடம் எதிர்பார்த்திருந்த இந்தியா கையைப் பிசைந்தது. இருந்த கொய்னாவில் படைக்கு முதலிடம். அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சம். முப்பது லட்சம் வரை மதிப்பிடப்படும் அந்தச் சாவுகளில், பதிவான மரணங்களை வைத்துப் பார்த்தால் மிகப் பெரிய நேரடிக் காரணம் மலேரியா. பசித்த உடம்பு, காய்ச்சல், கள்ளச்சந்தையில் கொய்னா. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஏழைக்கு மலிவான மருந்து என்று சொல்லி மரம் நட்ட அரசாங்கம் இது. மங்பூ இருந்தது, நீலகிரி இருந்தது, ஆனைமலையிலும் அரசுத் தோட்டம் இருந்தது. எல்லாம் சேர்ந்தும் தேவைக்குக் கிட்டே வரவில்லை. உலகச் சந்தையில் சுத்தக் கொய்னா வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், உள்ளூர்ப் பட்டையின் முழு ஆல்கலாய்டையும் ஊருக்கெல்லாம் கொண்டுபோகும் ஓர் ஏற்பாட்டைக் கட்டி வைக்கவே இல்லை.

தோட்டத் தொழிலாளர்கள் கதை இன்னும் கொடுமை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றி பி.எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று நம்மிடம் வந்திருக்கிறது. அதே மலையில் வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. மருந்தும் அந்த மலையில், சாவும் அந்த மலையில்.

7

பிறகு நடந்தது வேடிக்கை. ஒதுக்கி வைத்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தார்கள். 1918இல் குயினிடின் இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்தாக வந்தது. மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராகக் குயினிடின் கொய்னாவைவிட வீரியமானது என்பது பின்னாளில் ஆய்வகத்திலேயே தெரிந்தது. அதிகம் தருவது இதயத்துக்கு ஆபத்து என்பதும் கூடவே. 1988இல் வெளியான ஆய்வக ஆராய்ச்சி ஒன்று, கொய்னா, குயினிடின், சிங்கோனைன் மூன்றையும் கலந்தால், மருந்துக்கு மசியாத ஒட்டுண்ணிகளுக்கு எதிராகத் தனித்தனியாக இருப்பதைவிட அது சீராக வேலை செய்கிறது என்றது. 2006இல் உலக சுகாதார நிறுவனம், சாதாரண மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைத் தனி மருந்தாக விற்காதீர்கள், இன்னொன்றோடு சேர்த்தே கொடுங்கள் என்றது. தனி மருந்தை ஒட்டுண்ணி சீக்கிரம் வென்றுவிடும். கலப்பு இன்று கௌரவமான சிகிச்சை. கடும் மலேரியாவில் கொய்னாவைவிட ஆர்ட்டிசுனேட் ஊசி அதிக உயிர்களைக் காக்கிறது என்பதும் 2005, 2010 ஆகிய ஆண்டுகளில் வந்த பெரிய சோதனைகளில் நிரூபணமாகிவிட்டது. கொய்னாவின் தனியாட்சி முடிந்துவிட்டது.

இதைக் கேட்டதும் சில நண்பர்கள் துள்ளிக் குதிப்பார்கள்: ‘பார்த்தீங்களா, இயற்கையில இருக்கிற மாதிரி முழுசா எடுத்துக்கணும்!’ தயவுசெய்து வேண்டாம். பட்டைத்தூளை அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அளவு தெரியாத பட்டை காதைக் கெடுக்கும், சர்க்கரையை இறக்கும், இதயத்தை நிறுத்தும். ‘இயற்கையானது, அதனால் சுத்தமானது’ என்பதும் இன்னொரு சுத்தவாதம்தான். மரத்துக்கு நம்மேல் பாசம் கிடையாது. நான் கேட்பது அளந்த கலப்பு, தரப்படுத்திய கலப்பு. சென்னைக் குழுவின் எண்கள் 1868லேயே அதற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தன.

மருத்துவ அரசியல் பேசும் நாம் பெரும்பாலும் மருந்து கொடுத்தார்களா, மறுத்தார்களா என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறோம். கொய்னாவின் வரலாறு அதற்கடுத்த கேள்விக்கு இழுத்துப் போகிறது. கொடுத்தார்கள், சரி, எந்தத் தரம், எவ்வளவு, யாருடைய உடம்பில் சோதித்தது, அந்தச் சோதனையின் முடிவு ஏன் அந்த உடம்புகளுக்கே திரும்பி வரவில்லை? ஊருக்கு வருகிற ஒவ்வொரு மருந்திடமும், மலிவுப் பட்டியலானாலும் உயர்ரகப் பட்டியலானாலும், இதைக் கேட்டாக வேண்டும். 2,472 பேர் காய்ச்சலோடு படுத்துக்கிடந்து கொடுத்த பதிலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பைசாப் பொட்டலம் விற்றார்கள்.